அழிக்கப்படாத அடுக்கு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்த மென்பொருள் நிறுவனத்தில் ஆரணி ஆறு வருடமாக வேலை செய்தாள். புத்தூரில் வெங்காயம் பயிர்செய்யும் வீட்டுப் பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆட்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு ஜெயரூபனைச் சகிப்பது பெரும்பாடாக இருந்தது.

ஜெயரூபன் அவளுடைய குழுத் தலைவர். அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு, "அங்கை நாங்கள் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்." அங்கே என்ன செய்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. வாசிக்காத கையேட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கக்கூடியவர்.

தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்காக, நோயாளர் வைத்தியரைப் பார்க்க வீட்டிலிருந்தே இலக்கம் எடுக்கும் இணையச் செயலியை அவர்கள் செய்திருந்தார்கள். எந்தக் கணினியிலும் ஒரேமாதிரி ஓடும்படி செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொதியாகக் கட்ட வேண்டும். அதைத்தான் கொண்டெய்னர் இமேஜ் என்பார்கள். வேண்டியதை மட்டும் கட்டுவதுதான் முறை. ஜெயரூபனோ தன் கோப்புறையை அப்படியே அள்ளிப் போட்டார். பொதி மூன்று கிகாபைட் வந்தது. யாரும் இறக்கக்கூடிய பொதுத் தளத்தில் அதை ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததென்று எல்லோருக்கும் தேநீரோடு தின்ன ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஆரணி ரோல்ஸைத் தொடவில்லை. பொதியைப் பிரித்துப் பார்த்தாள். சோதனைக்கென்று மருத்துவ நிலையம் கொடுத்த பட்டியல் உள்ளே கிடந்தது. நானூறு பேரின் பெயர், தொலைபேசி இலக்கம், என்ன நோய், என்ன வருத்தம் என்பது வரை.

"அண்ணை, ஆக்களின்ரை வருத்தமெல்லாம் உதுக்குள்ளை கிடக்கு."

"பொதி கட்டுற கட்டளையிலை அடுத்த வரியிலையே அதை அழிச்சுப்போட்டன். நீர் சும்மா பதறாதையும்."

"இமேஜ் அடுக்கடுக்காத்தான் சேருது. அடுத்த அடுக்கிலை அழிச்சால் வெளியிலை தெரியாது, அவ்வளவுதான். கீழ் அடுக்கிலை அப்பிடியே இருக்கும். முதல்லை உதைத் தளத்திலை இருந்து எடுங்கோ."

ஜெயரூபனிடமிருந்து அதே சிரிப்பு; பொதி தளத்திலேயே கிடந்தது. இந்த மனிதனுக்கா ஆறு வருடம் தலையாட்டினேன் என்று ஆரணிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அன்று பின்னேரம் செயலியைப் பார்க்க மருத்துவ நிலைய முகாமையாளர் குணலட்சுமி வந்தார். சோதனைப் பட்டியலை அழித்தாயிற்று, தரவெல்லாம் பத்திரம் என்று ஜெயரூபன் அளந்துகொண்டிருந்தார். ஆரணி எழுந்து தன் கணினித் திரையைக் குணலட்சுமி பக்கம் திருப்பினாள்.

"அன்ரி, ஆரும் இறக்கக்கூடிய பொதி இது. இதிலை உங்கடை பெயரைத் தேடிப் பாருங்கோ."

குணலட்சுமி தட்டினார். அவரும் அங்கேயே வைத்தியம் பார்ப்பவர்; பெயர் வந்தது. பக்கத்தில், வீட்டுக்காரருக்கும் சொல்லாத வருத்தம். கையால் திரையைப் பொத்தினார்.

"அழிச்சதெண்டு சொன்னனீங்கள்?"

"அது வந்து, ஒரு டெக்னிக்கல் விசயம்..."

"தெரியாதெண்டால் தெரியாதெண்டு சொல்லுங்கோ, தம்பி."

பொதி அந்தக் கணமே தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. கோப்புறையோடு சேர்ந்து வெளியே போயிருந்த கடவுச்சொற்களை ஆரணி மாற்றினாள். பட்டியலை வெளியே வைத்து, தேவையற்றதைக் கழித்து, பொதியைத் திரும்பவும் கட்டினாள். நூற்று நாற்பது மெகாபைட்தான் வந்தது. யாராவது ஏற்கெனவே இறக்கியிருந்தால் அதற்கு அவளிடம் வழி இல்லை. ஆகவே குணலட்சுமியும் அவளும் நான்கு நாள் இருந்து நோயாளரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார்கள். பலர் ஏசினார்கள். ஒரு கிழவர் அழுதார். அந்த நான்கு நாளும் ஜெயரூபன் காய்ச்சல் என்று லீவில் நின்றார்.

அடுத்த மாதம் அவர் மாணவர்களுக்குத் தரவுப் பாதுகாப்புப் பற்றி உரையாற்றப் போனார். கூட வரும்படி ஆரணியைக் கேட்டார்.

"வேலை கிடக்கு," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.