அந்தரத்தில் நின்றவர்

உள்ளறையிலிருந்து ‘கொர்ர்ர்’ என்று ஒரு சத்தம் எழுந்தது. கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஓட்டல் மேனேஜர் நிமிர்ந்தார்.

“உள்ள மிக்ஸி ஓடுதா?”

“இல்ல சார், என் வொய்ஃப் மேல ஏறிக்கிட்டு இருக்கா. வந்து பாருங்க!” என்று கதவைத் திறந்தார் அந்தரம்.

அது தெரு வைத்த பெயர். நல்ல ஃபேன் மெக்கானிக்காக இருந்தவர். தலைக்கு மேலே சுற்றுவதையே பார்த்துப் பார்த்தோ என்னவோ, கால் தரையில் பாவாமல் போய்விட்டது. கடையை விட்டார், மேஜிக்கைப் பிடித்தார். அன்று முதல் துணி தைத்து வீட்டை நடத்துவது மனைவி. கலைக்காகக் கண்ணீர் விடுவது கணவர்.

“இந்த ஓட்டல் சான்ஸும் கைவிட்டுப் போச்சுன்னா, திங்கக்கிழமை கடைக்குக் கிளம்பிடணும்” என்று அவள் சொல்லியிருந்தாள். அவரும் நெஞ்சுருகச் சத்தியம் செய்திருந்தார். அவள் தலையில் அடித்துத்தான்.

அறையில் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு மோட்டார். அது தூக்கும் இரும்புக் கை. அதன் நுனியில் பலகை. பலகைமேல், மயங்கிய தேவதையாக அவள்.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். “லெவிடேஷன்னு போர்டு எழுதக் கொடுத்துட்டோமே. இது ஹோவரிங்!”

“ரெண்டும் காத்துல நிக்கிறதுதானே சார்?”

“ஹெலிகாப்டர் ஒரே இடத்துல நிக்குதே, அது ஹோவரிங். இறக்கை சுத்தணும், சத்தம் வரும், எண்ணெய் குடிக்கும். லெவிடேஷன்னா எந்தப் பாடும் படாம, சும்மா அப்படியே எழும்பி நிக்கணும்.”

தேவதை ஒரு கண்ணைத் திறந்தாள். “அப்படின்னா அது இவருதான் சார். பாடு படறது, சத்தம் போடறது எல்லாம் நான்.”

“ஏய், நீ மயக்கத்துல இருக்கே!” என்று பல்லைக் கடித்தார் அந்தரம். பிறகு குழைந்தார். “சத்தம்தானே சார் பிரச்சினை? இப்ப பாருங்க.”

சுவிட்சை அணைத்தார். ஃபேன் மெக்கானிக்கின் புத்தி! அணைத்தாலும் ஃபேன் கொக்கியில் தொங்கிக்கொண்டுதானே இருக்கும்? மனைவிக்குக் கொக்கி இல்லை. பலகையோடு தொப்பென்று தரைக்கு வந்தாள்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். “பிரமாதம்! லெவிடேஷனே வேணாம். இதையே காமெடியாப் போட்டுடலாம். தினமும் விழ முடியுமா?”

“விழுவா சார்! வேணும்னா காலையிலயும் ஒரு தடவை விழுவா!”

அந்தரத்துக்குக் கண்ணீர் வரவேண்டிய இடம். வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். “நீங்க படுங்க. சுவிட்சை நான் பாத்துக்கிறேன்.”

“நானா? என் முதுகு என்னத்துக்கு ஆகும்?”

“யாரு விழுந்தாலும் எனக்குச் சரிதான்” என்றார் மேனேஜர். “என்ன சொல்றீங்க?”

அந்தரம் பலகையைப் பார்த்தார். அது ஏறும் உயரத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். “ஒரு கலைஞனை இப்படி அவமானப்படுத்தக் கூடாது சார்.” குரல் தழுதழுத்தது. மனைவி விழுந்தபோது தழுதழுக்காத குரல்.

மேனேஜர் பையை எடுத்துக்கொண்டார். அவள் நொண்டியபடியே வாசல்வரை வந்தாள்.

“நல்ல சான்ஸும்மா. போச்சே!”

“பரவாயில்ல சார். ஃபேன் ஏதாவது ரிப்பேர்னா சொல்லுங்க, திங்கக்கிழமையிலேர்ந்து இவரு கடையில இருப்பாரு” என்று சொல்லி, அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தினாள்.