பாம்புக்கு வைத்த பால்

எண்பத்தாறில் நான் டான்போர்த் தெருவில் ஒரு கிரேக்கக்காரரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். முதலாளி எல்லோரையும் "மை பிரெண்ட்" என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

கடைக்குப் பெயின்ட் அடித்தபோது சுவரில் இருந்த பெரிய படத்தைக் கழற்றினார்கள். பழைய ஓவியம் ஒன்றை அச்சடித்துச் சட்டம் போட்டது. அதற்குக் கீழே இருப்பவர்கள் சாப்பாட்டை மிச்சம் விடுகிறார்கள் என்று முதலாளியின் மனைவிக்கு நெடுநாள் குறை. வேண்டுமென்றால் கொண்டு போ என்றார் முதலாளி. எங்கள் சுவர் வெறுமையாக இருந்தது. கொண்டு போனேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் தேவைப்பட்டது.

வெக்ஸ்போர்ட்டில் ஓர் அப்பார்ட்மென்டில் நானும் மனைவியும் இருந்தோம். அவளுக்கு அப்போது நாலாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஒன்று ஊரில், ஒன்று இங்கே. டொக்டர் காரணம் சொல்லவில்லை. அவளிடம் காரணம் இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய ஐயா வளவுக்குள் வந்த நாகத்தை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர். அந்தக் கோபம் தன் வயிற்றில் இறங்கியிருக்கிறது என்று நம்பினாள். ஊரென்றால் நாகதம்பிரான் கோயிலுக்குப் பாலும் முட்டையும் கொண்டு போயிருப்பாள். இங்கே எங்கே போவது.

படத்தைச் சுவரோடு சாத்தினேன். குசினியிலிருந்து வந்து பார்த்தாள்.

கறுத்த வானம். பாறையில் ஒரு தாடிக்காரக் கிழவர் மல்லாந்து கிடக்கிறார். பக்கத்தில் இரண்டு பெடியன்கள். ஒருவன் விழுந்து கிடக்கிறான், மற்றவன் நிற்கிறான். இரண்டு பாம்பு. ஒன்று கிழவரின் காதோரம், மற்றது நிற்கிறவனின் விலாப்பக்கம். பிடித்து இழுத்ததுபோல உடம்புகள் நீளம், தலை சின்னன், தோல் சாம்பல். ஒருவருக்கும் உடுப்பில்லை. தூரத்தில் ஒரு குதிரை.

"உது ஆரப்பா?"

"தெரியாது. கடையிலை தந்தவை."

"தெரியாதோ? மேலெல்லாம் திருநீறு பூசின சாமியார். பாம்பு காதுக்கை வந்து கதைக்குது. நான் ஒரு இடமும் போகேலாதெண்டு நாகதம்பிரான் தானாய் வந்திருக்கிறார்."

"பஸ்ஸிலை நான் தூக்கிக்கொண்டு வந்தனான்."

"நீங்கள் சும்மா தூக்கினனீங்கள்."

மூன்று பேருக்கும் தங்கக் கடதாசியில் வேட்டி வெட்டி ஒட்டினாள். நான் படத்தை ஆணியில் கொழுவியதும் கீழே விளக்கு வைத்தாள். காலையில் முழுகிவிட்டு ஒரு கிண்ணத்தில் பால் வைத்தாள். மேல்மாடியில் இருந்த கத்தோலிக்க மன்னார் அன்ரி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, உது எங்கடை வேதசாட்சி ஆரோபோலை எல்லோ கிடக்கு?" என்றார்.

"வேட்டி கட்டின வேதசாட்சி இருக்கோ அன்ரி?"

"உந்த வேட்டியை நீதானே ஒட்டினனீ."

ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம் முதலாளி படம் எப்படி என்று கேட்டார். மனைவி விளக்கு வைக்கிறாள் என்றேன். கையில் இருந்த துணியை மேசையில் வைத்தார். கதையைச் சொன்னார். அவருக்கும் இங்கிலிஷ் குறைவு, அதனால் எனக்கு விளங்கியது. கிழவர் ஒரு பூசாரி. எதிரி விட்டுப்போன மரக்குதிரையை ஊருக்குள் எடுக்க வேண்டாம் என்றார். சரியாகத்தான் சொன்னார், குதிரையின் வயிற்றுக்குள் எதிரிகள் ஒளிந்திருந்தார்கள். அது ஒரு தெய்வத்துக்குப் பிடிக்கவில்லை. கடலிலிருந்து பாம்புகளை அனுப்பி அவரையும் இரண்டு மகன்மாரையும் கொன்றது.

"இரண்டு பேரையுமா?" என்று கேட்டேன்.

"இரண்டு பேரையும்."

"ஒருவனும் தப்பவில்லையா?"

"மை பிரெண்ட், அது கிரேக்கக் கதை" என்றார்.

வீட்டுக்குப் போய் ஜக்கெட்டைக் கழற்றாமல் படத்தை இறக்கினேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். வயிற்றில் கையை வைத்தபடி முழுவதும் கேட்டாள்.

"அப்ப பாம்புதான் வெண்டது."

"ஓம்."

"நானும் பாம்பைத்தானே கும்பிட்டனான். அந்த ஆளை ஆர் கும்பிட்டது?"

"பிள்ளையளைச் சாக்காட்டின பாம்பப்பா."

"அப்பிடியான பாம்பை இவ்வளவு நாளும் பால் வைச்சுப் பழக்கிப்போட்டு, இப்ப தூக்கி வெளியிலை விடப் போறீங்களோ? கொழுவுங்கோ."

கொழுவினேன்.

சில நாளில் அவளுக்கு இரத்தம் பட்டது. பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். "பாலை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றாள்.

நான் அதுவரை சாமி கும்பிட்டு அறியாதவன். காலையில் முழுகிப் பால் வைத்தேன். விழுந்து கிடந்த பெடியனைப் பார்க்காமல் வைக்கப் பழகினேன். ஒருநாள் வீட்டில் பால் இல்லை. சினோப் பனிக்குள் பிளாசாக் கடைவரை நடந்து வாங்கி வந்து வைத்துவிட்டு வேலைக்குப் பிந்திப் போனேன். ஏன் என்று முதலாளி கேட்டார். சொன்னேன். அவர் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போனபோது மகள் பிறந்திருந்தாள். நாளுக்கு முந்திய பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அழுதாள். சத்தம் நன்றாக இருந்தது. இனிப் பயமில்லை என்று நேர்ஸ் சொன்னாள்.

மனைவியிடம் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன் என்றேன். கண்ணைத் திறந்தாள்.

"இண்டைக்கு வைச்சனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"பிறகென்னத்துக்கு இஞ்சை நிக்கிறீங்கள்?"

ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.