இளையவள் எழுதி வைத்தது

எங்கள் குலதெய்வக் கோயிலில் ஆடிப் பொங்கலுக்கு முதல் பானையை மூத்தவள் வழிப் பெண்பிள்ளைதான் வைக்க வேண்டும். அது பொங்கி வழிந்த பிறகுதான் மற்றவர்கள் அடுப்பையே பற்றவைக்கலாம். மூத்தவள் என்றால், வெள்ளைக்காரன் காலத்தில் கொல்லிமலையின் பைல் நாட்டில் சாமை விதைத்து வாழ்ந்த எங்கள் முப்பாட்டனின் முதல் மனைவி. நாங்கள் இரண்டாம் மனைவியின் வழி. முதல் பானை வைக்கிறவளோ பங்காளி வீட்டுப் பெரியப்பாவின் மகள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, பத்து.

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். தலையில் பானையோடு அவள் நடந்து வந்தால் கிழவர்கள்கூட விலகி வழிவிடுவார்கள். ஒரு வருஷம் யாரும் பார்க்காதபோது அவள் அடுப்பில் ஈர விறகைச் செருகி வைத்தேன். காற்று என் பக்கம் திரும்பியது; புகையில் கண் எரிந்து அழுதது நான்தான். அவள் ஓடி வந்து தன் பாவாடை நுனியால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதற்கும் சேர்த்து அவளை வெறுத்தேன்.

"நாம இளையவ வழின்னு எங்க எழுதியிருக்குதுப்பா?" என்று அப்பாவை நச்சரித்தேன். அப்பாவுக்குச் சோளக்காடு சந்தையில் மிளகு வியாபாரம். வசதியில், பேச்சில், எல்லாவற்றிலும் பெரியப்பாவுக்கு ஒரு படி மேல். பானையில் மட்டும் கீழே. பொறாமை எனக்கு அப்பா வழிச் சொத்து. பட்டா விஷயமாகப் பழைய காகிதம் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியைக் கேட்டார். "எலி தின்னது போக மிச்சம் இருக்குது, எடுத்துக்க தம்பி" என்று அவரே தூக்கி வந்து கொடுத்தார்.

அந்தக் காலத்துக் கையெழுத்தை எங்களால் படிக்க முடியவில்லை. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பத்திரம் எழுதும் ஒருவரைத் தேடி பஸ்ஸில் மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாலும் நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன்.

அவர் காகிதங்களை விரிக்க விரிக்க, இளையவள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தாள். ஒரு காகிதத்தில், வடக்கே ஓடையும் தெற்கே பலா மரமும் எல்லையாக ஒரு சாமைக் காடு அவள் பெயரில் இருந்தது. பெயர் வெள்ளையம்மாள். எங்கள் வீட்டில் அதுவரை அவளுக்குப் பெயரே கிடையாது. இன்னொன்றில், புருஷன் செத்த பிறகு காட்டைத் தானே உழுது விதைக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். மூன்றாவது காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்க, உங்க ரெண்டு வழியும் ஒரே வயித்துல பொறந்ததுதானுங்க. மூத்தவளுக்குப் புள்ளையே இல்லீங்க. இந்தம்மாதான் தான் பெத்த மூத்த பையன அவ மடியில விட்டிருக்குது."

பிறகு உரக்க வாசித்தார். 'இவனை மூத்தாள் மகன் என்றே சொல்ல வேண்டியது. இளையாள் பிள்ளை என்று பங்காளிகள் ஒருவரும் வாய் திறக்கப்படாது. முதல் பானையும் இவன் வழிக்கே.' கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு அரிவாள் படம் கீறியிருந்தது.

அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பஸ் மலையேறி முடியும்வரை கையை அந்தப் பையின் மேலேயே வைத்திருந்தார். வீட்டு வாசலில், "இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது கண்ணு" என்றார். பெரியப்பாவுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அந்த வாசிப்பில் ஒன்றுதான் காதில் விழுந்திருந்தது: அவளும் இளையவள் வழி.

ஆடிப் பொங்கலன்று அவள் பச்சைப் பட்டுப் பாவாடையில் பானையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வா, என் அடுப்ப நீயும் சேந்து ஊது."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீ ஒண்ணும் மூத்தவ வழி இல்ல. நீயும் இளையவ புள்ள வழிதான். பத்திரம் இருக்குது!" என்று கத்தினேன்.

பெரியப்பா அப்பாவிடம் வந்து, "நெசமா தம்பி?" என்றார். அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா இரண்டாம் முறை கேட்கவில்லை. மகள் தலையிலிருந்து பானையை இறக்கி என் கையில் கொடுத்தார். "யாரு வெச்சா என்ன சாமி, பொங்குனாச் செரி" என்றார்.

பானை பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். அவள் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் கொல்லிமலையிலேயே இல்லை. அப்பா பொங்கலைத் தொடவில்லை. அவருக்கு வயிறு சரியில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தக் காகிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்கும் ஒரு மகன் பிறந்த பிறகுதான் அதை எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்தேன். தான் பெற்றவன் அதே வாசலில் இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே வெள்ளையம்மாள் களை எடுத்திருப்பாள். அவனுக்காக அவள் கேட்டது, ஒரு சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்பதுதான். சக்களத்தி சொல்லவில்லை, பங்காளிகள் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. முதலில் சொன்னது அவள் வயிற்று வழியில் வந்த நான்.