எட்டாத பிரேக் ஹோஸ்

போன வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு நின்றிருந்தேன். பக்கத்து வண்டிக்குப் பிரேக் ஹோஸ், அதாவது லீவரிலிருந்து சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகிற குழாய், மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கம்பி பின்னிய ஹோஸ், மேலே நீல உறை வேறு. வண்டிக்காரர் போனிலேயே ஆர்டர் போட்டாராம், வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்களாம். அதற்கு அவர் அடித்த பீற்றலைக் கேட்க எரிச்சலாக வந்தது. அப்போது தரையில் கொஞ்சம் பிரேக் ஆயில் சிந்தியது. விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்தது போல ஒரு வாடை. அதற்குப் பிறகு அந்த மனிதர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. காதர் ஞாபகம் வந்துவிட்டது.

காதர் மேலப்பாளையத்துக்காரன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அவனும் ஜங்ஷனில் ஒரு பம்புசெட் கடையில் மெக்கானிக்குகள். வள்ளியூர் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்க அவன் வண்டியில்தான் போவோம். அப்போதெல்லாம் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அவன் வண்டியில் மட்டும் முன்னால் டிஸ்க். யாரிடமோ பழையதாக வாங்கினது. கம்பெனி அந்த வண்டி செய்வதையே நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. எங்கே நிறுத்தினாலும் ஆட்கள் குனிந்து அந்தத் தட்டைப் பார்ப்பார்கள். காதருக்குப் பெருமை தாங்காது. ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால்கூடச் சந்தோஷப்படுவான், பிரேக் பிடித்துக் காட்டலாமே என்று. பின்னால் இருக்கும் நான்தான் ஒவ்வொரு தடவையும் அவன் முதுகில் மூக்கை இடித்துக்கொள்வேன். அவன் சட்டையில் அத்தரும் கிரீஸும் கலந்த ஒரு வாடை இருக்கும். அதை நல்ல வாடை என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

அவனும் துபாய்க்குப் போனான். மேலப்பாளையத்தில் யார்தான் போகவில்லை? ரெண்டே வருஷம், வந்ததும் நாம் சொந்தமாகக் கடை போடுகிறோம் என்று சொன்னான். தச்சநல்லூரில் என் அறை வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைக் கையில் கொடுத்தான்.

"ஓட்டுலே. என்னமும் செய்யி. டிஸ்க்க மட்டும் கழத்திராத. வந்து நான்தான் ஓட்டணும்."

அந்தச் சொல்லை நம்பித்தான் நான் இருந்தேன். என் அப்பா அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் என்னோடு பேசமாட்டான். என் வாய் அப்படி. யாரையும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிடும். அந்த வாயைத் தாங்கிக்கொண்டு சிரித்த ஒரே ஆள் காதர்தான்.

அவன் போன மறு கோடையில் ரப்பர் ஹோஸ் வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டது. லீவரைப் பிடித்தால் ஆயில் பீச்சியடிக்கும். ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட், வெந்த தோல் போல உரிந்தது. ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை என்று எல்லாக் கடையிலும் கேட்டேன். அப்படி ஒரு சாமான் உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். தச்சநல்லூர் மெக்கானிக் மாடசாமி ஹோஸைச் சுற்றிச் சைக்கிள் டியூப்பைக் கட்டிப் பார்த்தார். அதுவும் பீச்சியது.

"ஏன்வே கெடந்து சாவுதீரு? டிரம் வீலு ஒண்ணு கெடக்கு. மாட்டி வுட்டா சோலி முடிஞ்சுது" என்றார்.

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கடை முதலாளி சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். டிரம்மை மாட்டிவிட்டால் அவன் திரும்பி வரமாட்டான் என்று ஒரு கிறுக்குப் புத்தி. பின் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்டினேன். கூடங்குளம் போகும் ரோட்டில் முன்னால் போன டிராக்டர் திடீரென்று நின்றபோது, வண்டியை ஒடித்து உடைமரத்துக்குள் விழுந்தேன். முள்ளெல்லாம் முதுகில். வீட்டில் ஒரு ஆள் இல்லாதவனுக்கு முதுகில் முள் தைக்கக் கூடாது. எட்டாத முள் எல்லாம் சீழ் வைத்து, தானாக வெளியே வந்தது.

காதருக்கு எழுதினேன். அங்கே கம்பி பின்னிய ஹோஸ் கிடைக்கிறது, சொல்கிற நீளத்துக்குச் செய்தும் தருகிறார்கள், அளவை அனுப்பு என்று பதில் வந்தது. ஒரு தோட்டத்துக்கு மோட்டார் கொண்டுபோகிற வழியில் மாடசாமியிடம் நிறுத்தினேன். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. அவர் லீவரிலிருந்து சக்கரம் வரைக்கும் சணலைப் பிடித்து வெட்டிக் கொடுத்தார். அந்தச் சணலையே கவருக்குள் வைத்து அனுப்பிவிட்டேன்.

அவன் லீவில் ஹோஸோடு வந்தான். கையில் பெரிய வாட்ச், சட்டையில் வேறு ஏதோ சென்ட். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நேராக என் அறைக்கு வந்து, வாசலிலேயே ஹோஸை மாட்ட உட்கார்ந்துவிட்டோம். ஹோஸ் மாற்றினால் உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவன் வண்டி மேல் உட்கார்ந்து லீவரை அமுக்கிப் பிடிக்க, நான் கீழே சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூடினேன். பிடி, விடு, பிடி, விடு என்று சாயங்காலம் வரை. "கல்லு மாதிரி இருக்குலே" என்றான் கடைசியில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் இறங்கினான். வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பியது. ஹோஸ் வில் நாண் மாதிரி விறைத்து நின்றது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மாடசாமி அளவெடுத்தபோது டேங்க் மேல் ஒரு மோட்டாரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். நானும் மேலே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கனத்தில், முன் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் ஃபோர்க் நாலு விரல் இறங்கியிருக்கிறது. அந்த நேரத்து அளவுதான் துபாய்க்குப் போயிருக்கிறது.

"அப்பம் என்னைக்கும் ஒரு மோட்டார மடியில வச்சுக்கிட்டேதான் ஓட்டணும்" என்று காதர் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"விட்டுத் தள்ளு மாப்ள. டிரம்மயே மாட்டிக்கிடு. நான் இனிமே இதயா வந்து ஓட்டப் போறேன்?"

"அப்பம் கடை?"

அவன் பனியன் துணியால் விரல் விரலாகத் துடைத்தான். "விசாவ நீட்டித் தாரேம்னு சொல்லுதான். பைய பாப்போம்லே."

"வருஷம் பூரா பிரேக் இல்லாம ஓட்டிருக்கேம்லே, நாயே."

எப்போதும் சிரிக்கிறவன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீயைக் குடித்தான், கிளம்பினான். அந்த லீவில் அவன் பிறகு வரவில்லை, நானும் போகவில்லை.

அவன் விமானம் ஏறிய பிறகு, உயரம் குறைந்த ஹேண்டில்பார் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஹோஸ் எட்டியது. கழற்றி மாட்டியதால் மறுபடி காற்று எடுக்க வேண்டும், அதற்கு ஆள் இல்லை. மாடசாமியைக் கூப்பிட ரோஷம். லீவரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் வந்து நிப்பிளைத் திறந்து மூடி, மறுபடி போய்க் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிரேக் பிடித்தது. அதை யாரிடம் சொல்வது?

வண்டி இன்ஜின் போய் எடைக்குப் போய்விட்டது. பம்புசெட் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். காதர் மேலப்பாளையத்து வீட்டை விற்றுவிட்டு மகனோடு சென்னையில் இருக்கிறான். போன பெருநாளைக்கு நம்பர் விசாரித்துக் கூப்பிட்டேன். ஊரையும் பேரையும் சொன்னதும், "சொல்லுங்க, நல்லாருக்கீங்களா?" என்றான். நல்லாருக்கேன் என்றேன். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டான், எனக்கு வீடு என்று ஒன்று இல்லை என்பது தெரியாதவன் போல. சுகம் என்றேன். போனை வைத்தேன். அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.