ஒத்தை செல்லாது

ஏழாம் வகுப்பில் நான் மாற்றிய ஒரு விளையாட்டு விதியால்தான் ஜெசிந்தாவின் படிப்பு நின்றதா? இருபது வருடங்களுக்கு மேலாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. சில நாள், பன்னிரண்டு வயதுக்காரியால் அவ்வளவு முடியுமா என்று தோன்றுகிறது.

நேற்று என் மகள் புது கார்டு பாக்கெட் ஒன்றைப் பிரித்தாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

"ஏம்மா மோந்து பாக்க?"

வெறும் மை வாசம். எங்கள் கார்டுகளில் ரோஸ் நிற பபிள்கம்மின் மாவு ஒட்டியிருக்கும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கு எதிர்க்கடையில் கம் வாங்கினால், உள்ளே மல்யுத்த வீரர் கார்டு ஒன்று இலவசம். அவர்களுடைய பெயர்கள் வாயில் நுழையாததால் சடையன், மொட்டை, முகமூடி என்று நாங்களே வைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு கார்டு இறக்க வேண்டும். எடை கூடியவர் ஜெயிப்பார், தோற்ற கார்டு கைமாறும்.

ஜெசிந்தா, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற புன்னக்காயல்காரி. அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அவளுடைய பவுடர் டப்பாவில் இருபது கார்டுகள்தான், எல்லாம் வேறு வேறு. ஆனால் அதில் முகமூடி இருந்தான், எல்லாரையும்விட எடை கூடியவன். என்னிடம் நூறுக்கு மேல், பாதியும் மொட்டை. அப்பா கேட்டதையெல்லாம் வாங்கித் தந்தும் தினம் அவளிடம் தோற்றேன். அந்த எரிச்சலில் ஒரு மதிய இடைவேளையில் சொன்னேன்: "இனிமே ஒரே ஆளு ரெண்டு கார்டு, சோடியாத்தான் இறக்கணும். ஒத்தை செல்லாது."

"அப்ப எங்கிட்ட இருக்கது?"

"சோடி சேத்துட்டு வாட்டி. யாரு வேண்டாங்கா?"

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அவளும் கம் வாங்கத் தொடங்கினாள். எடை குறைந்த வீரர்களுக்குச் சோடி கிடைத்தது, அதுவும் என் மொட்டைகளிடம் தோற்றுப் போனது. முகமூடிக்குச் சோடி எத்தனையாவது கம்மில் வரும் என்று யாருக்குத் தெரியும்? இது எனக்கு அன்றே தெரிந்திருந்தது. வகுப்பில் கணக்கில் நான்தான் முதல்.

ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் போக அத்தை கொடுத்த பஸ் காசிலும் கம் வாங்கினாள்.

"மிச்சத்துல ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் போயிருவேன். பொறவு ஆத்தோரமா பைய நடந்துருவேன்."

"வழி தெரியுமாட்டி?"

"ஆறு எங்க ஊருக்குத்தான போகுது."

சிரித்தேன். போகாதே என்று சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஏரல் பக்கம் வயல் வரப்பில் காலெல்லாம் கொப்புளமாக உட்கார்ந்திருந்தவளை யாரோ சைக்கிளில் கொண்டுபோய் வீடு சேர்த்தாராம். அடுத்த வாரம் அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு டிசி வாங்க வந்தார். வருகைப்பதிவேட்டோடு நான் டீச்சர் அறை வாசலில் நின்றேன்.

"பஸ் காசு என்னாச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"தொலஞ்சிட்டு டீச்சர்" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"பொட்டப்புள்ளைய இனி நம்பி அனுப்ப முடியாது டீச்சர். வீட்டுல கிடக்கட்டும்" என்றார் அப்பா.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

போகும்போது என் கையில் இரண்டு கார்டுகளைத் திணித்தாள். "முகமூடிக்குச் சோடி சேந்துட்டு. நீ வச்சு ஆடு."

நான் ஆடவில்லை. அந்தக் கடை இன்று இல்லை, அந்த கம்மும் இல்லை. ஜெசிந்தா எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. புன்னக்காயலுக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது. ஒருமுறைகூட நான் ஏறியதில்லை.

நேற்று மகள் பாக்கெட்டை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்: "புது ரூல் போட்டிருக்கோம்மா. ஒரே கார்டு நாலு இருந்தாத்தான் ஆட்டத்துல சேப்போம். நான்தான் சொன்னேன்."

"அப்ப கீழ்வீட்டு நிலா? அவகிட்ட ஒரு பாக்கெட்தான இருக்கு?"

"அவ வாங்கிக்கிடட்டும்."

அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். இன்னும் எதுவும் சொல்லவில்லை. முகமூடிகள் இரண்டும் பீரோவில் இருக்கின்றன, வாசம் போய்விட்டது. காட்டினால், யார் கொடுத்தது என்று கேட்பாள். பிள்ளை வளர்த்தவர்கள் இதை வாசித்தால் சொல்லுங்கள், அதற்கு நான் எங்கிருந்து தொடங்குவது?