இடப்பக்க நாற்காலி

யார் வீட்டுக்குப் போனாலும் அவர்களுக்கு வலப்பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவேன். இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டிருப்பேன். கிறுக்கு என்று என் கணவர் சொல்கிறார். இருக்கட்டும்.

ஹைடெக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி போய் வருவேன். அப்பா பக்கத்திலிருந்த அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்து, அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் நான். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் என் நாற்காலி.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, கம்பெனி இரண்டு வருடத்துக்கு என்னை அமெரிக்கா அனுப்புகிறது என்று சொன்னேன். "பாப்பம்" என்றார் அப்பா. அவ்வளவுதான். மறுநாள் முதல் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எதையாவது கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அப்பாக்களின் கோபம் அப்படித்தான் இருக்கும்; மகளிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார்கள். என் அத்தைகள், சித்திகள் எல்லோரும் அதை அனுபவித்தவர்கள்தான். நான் அரைத்து வைத்த கோங்கூராக் கீரைத் துவையல் தட்டின் இடது ஓரத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. அதோடு எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பிடிவாதத்துக்கு நான் என்ன குறைந்தவளா? மூன்றாம் நாள் நானும் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அம்மா நடுவில் வரவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவளுக்குத் தெரியும். இடது கன்னத்தை மழிக்காமல் அப்பா வந்து உட்கார்ந்த அன்று மட்டும், "ஆபீஸ்தான் இல்லன்னு ஆயாச்சே, பாதி மூஞ்சி போதும்னு வச்சிட்டியளோ?" என்று கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் காலையில் ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போது கேட்டின் இடது தூணில் மோதி விழுந்தார். தூண் அங்கே இருப்பதையே சார் பார்க்கவில்லை என்று வாட்ச்மேன் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரம் மாதிரி எண்களை எழுதச் சொன்னார். நாற்பது வருடம் கோடு போட்ட கை. பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள் நெருக்கி எழுதிவிட்டு, "சரியா இருக்கு" என்று நீட்டினார். இடது பாதி வெள்ளையாகவே கிடந்தது.

மூளையின் வலப்பக்கம் ஒரு ரத்தக் குழாய் அடைத்திருந்தது. கண்ணில் கோளாறு இல்லை; இடப்பக்க உலகத்தை மூளை கணக்கிலிருந்து விட்டுவிட்டது என்றார் டாக்டர். இருட்டாகத் தெரியுமா என்று கேட்டேன். "உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது இருட்டாகவா தெரிகிறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எத்தனை நாளாக இப்படி என்று விசாரித்தபோது அம்மா விரல் விட்டு எண்ணினாள். "அன்றைக்கே வந்திருந்தால்" என்று தொடங்கிய டாக்டர் அதை முடிக்கவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் அந்தக் காலிப் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று விட்டுப்போனால், விட்டுப்போனது என்று சொல்ல வேண்டியதும் அதே மூளைதான். அது சொல்லாவிட்டால் யாரைக் கேட்பது? என் மூளையில் அடைப்பு எதுவும் இல்லை. இருந்தும் பதினோரு நாள் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து நான் கோபத்தை மட்டுமே பார்த்தேன். இந்த நிமிடம் எதைப் பார்க்காமல் இருக்கிறேனோ என்ற பயம் என்னை விடவில்லை.

கடிகார எண்களை எழுதிக் காட்டிய அன்று மாலை வார்டில் அவருடைய கட்டிலுக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, எப்பம் வந்த? ரெண்டு வருசம் அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா."

"இப்பத்தாம்ப்பா வந்தேன்" என்றேன்.