சென்னிமலைப் பயணம்: வலப்பக்கக் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் பைக்கில் சோமனூரிலிருந்து சென்னிமலைக்குப் போய்வந்தேன். ஒரு பக்கம் சுமார் எழுபது கிலோமீட்டர். பழைய வண்டியில் இந்த வழியாகப் போக நினைப்பவர்களுக்கு வண்டிச் சத்தம், ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகம்), பெட்ரோல் பற்றித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அம்மாவின் போனில், போர்வைக்குள், வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எழுதுவதால் பிழைகள் இருக்கலாம். பப்ளிக் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள் இந்நேரத்தில் போனோடு மாட்டினால் என்ன ஆகும் என்பது ஒரு பயம். அது சின்னது. அப்பாவுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். அதே வண்டியில் தனியாகத் தறிக்குப் போயிருக்கிறார். பெரிய பயம் அதுதான்.

சென்னிமலையில் அத்தை பேரனுக்குக் காதுகுத்து. அம்மாவும் தம்பியும் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் அப்பாவும் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். எங்களுடையது கார்புரேட்டர் வைத்த பழைய நூறு சிசி வண்டி. இடப்பக்கக் கண்ணாடி உடைந்து ரொம்ப நாளாகிறது. வலப்பக்கம் மட்டும் உண்டு.

கருமத்தம்பட்டியில் பெட்ரோல் போட்டோம். பங்க்கில் இருந்த அண்ணன் மீட்டரைப் பார்த்தபடியே, "சாதாங்களா, பவருங்களா?" என்று கேட்டார். அப்பா, "முன்னூறுக்குங்க" என்றார். மறுபடி கேட்டதற்குத் தலையாட்டினார். விலை கூடுதலான பெட்ரோல் உள்ளே போய்விட்டது. எங்கள் மாதிரி வண்டிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. வண்டி அதே இழுவைதான் இழுத்தது.

அவிநாசி தாண்டியதும் செயினில் 'சளக் சளக்' என்று சத்தம் வந்தது. அப்பாவின் தோளைத் தொட்டுச் சொன்னேன். "ஒண்ணுமில்ல கண்ணு, வண்டி நல்லாத்தான் போகுது" என்றார். விஜயமங்கலம் வரும்போது அது பக்கத்தில் போகிறவர்களே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஆகிவிட்டது. பெருந்துறையில் ஞாயிறன்றும் திறந்திருந்த ஒரு பட்டறையில் நிறுத்தினோம்.

மெக்கானிக் செயினை இறுக்கி எண்ணெய் விட்டார். பிறகு ஐடிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். வண்டி நிற்கும்போதே பாதி ஆக்ஸிலேட்டர் முறுக்கியது போல உறுமிக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, இப்படி ஏத்தி வெச்சுருக்கீங்க? பெட்ரோலு உங்கூட்டுக் கெணத்துல ஊறுதுங்களா?"

ஸ்குருவைத் திருகி ஐடிலை இறக்கினார். 'டுப் டுப்' என்று மெதுவாக, சீராக ஓடியது. அப்பா ஏறி உட்கார்ந்து செல்ப் பட்டனை அமுக்கினார். 'கர்ர்ர்' என்று பல் கடிக்கிற சத்தம்.

"ஓடற வண்டிக்கு எதுக்குங்ணா செல்ப் அடிக்கறீங்க?"

"பழக்க தோசமுங்க," என்று அப்பா சிரித்தார். மெக்கானிக் உள்ளே போனதும், தானே குனிந்து ஐடிலைப் பழையபடி ஏற்றினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி ஓடுகிறதா இல்லையா என்பது அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஹேண்டில் அதிர்ந்தால்தான் தெரிகிறது. அதற்காகத்தான் ஏற்றி வைத்திருக்கிறார். இருபது வருடமாக விசைத்தறி ஷெட். அங்கே தறிகள் ஓடும்போது யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். சாப்பாடு கொடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் அப்பா எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொல்வார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் கேட்பதற்கும்கூட.

அங்கிருந்து சென்னிமலை பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஊர் தாண்டியதும், மெக்கானிக் நேராக்கி வைத்த கண்ணாடியை அப்பா உள்பக்கமாகத் திருப்பினார். எட்டிப் பார்த்தேன். அதில் ரோடு இல்லை. என் முகம் இருந்தது.

சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தேன். 'டீ குடிக்கலாங்களாப்பா?'

"கோயில்கிட்ட போயிக் குடிச்சுக்கலாம் கண்ணு," என்றார் அப்பா.

நான் முழு ஹெல்மெட் கேட்டபோது மூச்சு முட்டும் என்று சொல்லி, வாய் திறந்த ஹெல்மெட்டாக வாங்கித் தந்தது ஏன் என்று புரிந்தது. அந்த நேரத்தில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்த அப்பா கண்ணாடியில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அடுத்து ஏதோ சொல்லப் போகிறேன் என்று. அவர் தோளைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினேன். வண்டி மண்ணில் இறங்கியது. பஸ் உரசுகிற மாதிரிப் போனது. படியில் நின்ற கண்டக்டர், "ஏப்பா, காது செவுடா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அப்பா வண்டியை நிறுத்தினார். "என்ன சொன்னான் கண்ணு?"

"வழி உடச் சொன்னாருங்கப்பா."

காதுகுத்து நன்றாக நடந்தது. குழந்தை மலையே அதிரும்படி அழுதான். பக்கத்தில் நின்ற அப்பா, "பையன் அழுகவே மாட்டீங்கறான், கெட்டிக்காரன்" என்றார். குழந்தையின் முகம் அவருக்கு மறுபக்கம் திரும்பியிருந்தது. எல்லோரும் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

கிளம்பும்போது, வண்டி நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ரோட்டைப் பார்த்துத் திருப்பினேன்.

"அது எதுக்கு அம்மணி?"

"இது ரோடு பாக்கறதுக்குங்கப்பா. என்னைப் பாக்கறதுக்கில்ல."

அப்பா சாவியை விரலில் சுற்றினார். "ஷெட்டுல எல்லாத்துக்கும் காது அப்படித்தான் கண்ணு. அம்மாகிட்டச் சொல்லிப்போடாத. வண்டியத் தொட உடமாட்டா. நைட்டு ஷிப்டுக்கு ஏது பஸ்ஸு?"

"டாக்டருகிட்டப் போலாங்கப்பா."

"பாக்கலாம், பாக்கலாம்."

திரும்பி வரும்போது நான் பேசவில்லை. பின்னால் வண்டி வந்தால் வலது தோளில் தட்டினேன். அப்பா ஒதுங்கினார். சோமனூர் வரை அப்படியே வந்தோம்.

இனி உங்களுக்கு உபயோகமானவை. செயின் சத்தம் கேட்டால் அன்றே இறுக்குங்கள். ஐடிலை வண்டி சூடான பிறகு சரிசெய்யுங்கள். வண்டி நிற்கும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினால் இன்ஜின் சத்தம் ஏறக் கூடாது. ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய வண்டியில் வாரக்கணக்கில் தேங்க விடாதீர்கள், ரப்பர் ஹோஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ரோடு தெரிகிறதா என்று பின்னால் உட்காருகிறவரும் ஒரு தடவை பாருங்கள். இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் வண்டியைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஐடில் இன்னும் ஏற்றியபடிதான் இருக்கிறது. இறக்கச் சொல்ல எனக்கு மனசில்லை.

தறிக்குத் தனியாகப் போகும்போது தோளில் தட்ட யாரும் இல்லை. வாரம் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அப்பா கிளம்பும்போது அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி அடுப்பருகே நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் எதிரே போய் நின்று, சத்தமில்லாமல் சொன்னேன். 'ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல காது டாக்டருகிட்டப் போறோம். இல்லீன்னா அம்மாகிட்டச் சொல்லிருவேன். பயமா இருக்குங்கப்பா.'

அப்பா ஹெல்மெட் வாரைப் பிடித்தபடி என் வாயையே பார்த்தார். பிறகு அவரும் சத்தமில்லாமல், ஷெட்டில் பேசுவது போலவே சொன்னார். 'சரி கண்ணு. பஸ்ஸுல போலாம்.'

அம்மா டம்ளரோடு திரும்பினார்.

"ஏனுங்க, அப்பனும் மகளும் நிக்கறீங்க, ஒரு சத்தத்தையும் காணோம்?"